பதினேழாம் மரத்தில் பதினொன்று

ஏப்ரல் 8, திங்கள்

இன்று முதலாவது இலையைப் பையில் அடைத்தோம். முப்பத்தோர் ஆண்டு தாவரவியல் நடத்திய கல்லூரிக்குள், ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டு கழித்து, மறுபடி ஒரு வேலையோடு நுழைந்தேன். வாயிற்காவலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சற்று நின்று, 'காற்று' என்று எழுதிவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

வேலை ஜெபக்கனியுடையது. துறைத் தலைவர் வடிவு அம்மையாரிடம் ஆறாவது ஆண்டாக ஆய்வு செய்கிறாள். வெயிலில் நிற்கும் பனைக் குடும்பத்து மரங்களின் இலைகள் ஐசோப்ரீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை இலை இப்படிக் காற்றில் விடுகிறது. சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள என்று கருதுகிறார்கள். இந்தப் பழக்கம் எந்த மூதாதை மரத்திடமிருந்து வந்தது, எந்த மரபணு இதைச் செய்விக்கிறது, வழியில் எந்த மரமாவது இதை விட்டுவிட்டதா என்பதே அவள் கேள்வி. கல்லூரியின் பின்புறத் தோட்டத்தில் தென்னை, பனை, கமுகு, ஈச்சை, எண்ணெய்ப்பனை என்று இருபத்துநான்கு மரங்கள் எண்ணிட்டு நிற்கின்றன. அவற்றின் காற்றைப் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று கேட்டேன்.

"சார், நீங்க லேபுல இருந்த காலத்துல ஒரு பியூரெட்ட மூணு தடவ கழுவச் சொல்லுவீங்களாமே. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்."

பாராட்டா கேலியா தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முறை: ஒளி புகும் பைக்குள் இலை நுனியை விட்டு, வாயை நாடாவால் இறுகக் கட்டி, பம்பு வழியாகச் சுத்தமான காற்றை நிரப்பி, இருபது நிமிடம் வெயிலில் விட வேண்டும். பிறகு ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை இழுத்து எஃகுக் குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பைகள் புதியவை; இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கடைக்காரர் செய்வதுபோல ஓர் ஊது ஊதினால் விரிந்துவிடுகிறது. தினமும் ஒரு வெற்றுப் பையையும் ஒப்பீட்டுக்காகப் பம்பில் நிரப்பி அனுப்புகிறோம்.

குறிப்பேட்டில் ஏழு பத்திகள் போட்டேன். நாள், நேரம், மரம், இலை, வெப்பம், எடுத்தவர், ஆய்வகம் தரும் எண். தவறை அழிப்பானால் அழிப்பதில்லை. ஒற்றைக் கோடு மட்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். விடுமுறை. ஊசிக்குழல்களைக் கழுவிக் காயவைத்தேன். நான்கு முறை.

ஏப்ரல் 16, செவ்வாய்

முதல் வார எண்கள் வந்தன. இவை நூறு கோடிப் பங்கு காற்றில் எத்தனை பங்கு ஐசோப்ரீன் என்ற கணக்கு. வெற்றுப் பை: சுழி. தென்னைகள் நன்றாகவே விடுகின்றன. பதினாறாம் எண் எண்ணெய்ப்பனை 2,340.

அதன் பக்கத்திலேயே நிற்கும் பதினேழாம் எண் எண்ணெய்ப்பனை: 11.

இரண்டும் உடன்பிறப்புகள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரே குலையின் விதைகளிலிருந்து வந்த கன்றுகளை ஒரே நாளில் நட்டோம். ஒரே மண், ஒரே தண்ணீர். மூன்று நாளும் பதினேழு இப்படித்தான்: 9, 12, 11. என் கட்டு நழுவியிருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் நழுவினால் எண் இப்படி ஒரே அளவில் வராது. ஜெபக்கனி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சமா விடுதா, விடவே இல்லையா, அதுதான் சார் கேள்வி. பதினொண்ணுன்னா கொஞ்சமா விடுதுன்னு ஆயிரும்."

"உன் வாதத்துக்கு எது நல்லது?"

"எனக்கு எது நல்லதுன்னு மரத்துக்குத் தெரியாது சார்."

நல்ல பதில். வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்களித்தேன். வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். விரல் மை ஊசிக்குழலில் படுமோ என்று கவலை.

ஏப்ரல் 24, புதன்

இரண்டு நாள் குறிப்பு இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அந்த இரு நாளும் தோட்டக்காரன் சுடலையாண்டி பை கட்டினான். இருபது ஆண்டாகத் தோட்டத்தில் இருப்பவன். எப்போதும் வாயில் வெற்றிலை. ஏணி பிடிப்பதும் பம்பு தூக்குவதும் அவன்தான்.

இன்று எண்களைப் பார்த்தேன். மற்ற மரங்களெல்லாம் சரி. பதினேழு மட்டும் சுழி, சுழி.

"சுடலை, பதினேழுல பையை இறுக்கிக் கட்டலியோ?"

"கெட்டியாத்தான் சார்வாள் கட்டுனேன். ஒரு கொசு உள்ள போனாக்கூட வெளிய வர வழி கெடையாது."

"பிறகு ஏன் சுழி வருது?"

"அது மரத்துக்கிட்ட கேக்க வேண்டியது. நான் கட்டுனவன்தான, காய்ச்சவனா?"

முகத்தில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு, பக்கத்தில் 'கவனக்குறைவு, தள்ளுக' என்று எழுதினேன். கண்டிப்பு இல்லாமல் அளவை இல்லை.

மே 3, வெள்ளி

ஆய்வகத்தில் சண்டை. சண்டை என்று சொல்லக் கூடாது. வடிவு அம்மையார் குரல் உயர்த்துவதில்லை.

இரண்டு முறை படித்த பதினேழின் மரபணு முடிவு இன்று வந்திருக்கிறது. ஐசோப்ரீனை உண்டாக்கும் நொதிக்கான எழுத்துவரிசையில், நடுவழியில் ஒரு முற்றுப்புள்ளி. தாய்வழிப் பிரதியிலும் தந்தைவழிப் பிரதியிலும் அதே இடத்தில். அப்படியென்றால் நொதி பாதியிலேயே நின்றுவிடும், வேலை செய்யாது. பதினாறில் ஒரு பிரதி மட்டுமே இப்படி, மற்றது முழுமை. அதனால்தான் அது விடுகிறது.

"ஒரு சொட்டுக்கூட விடாத எண்ணெய்ப்பனை மேடம்!" என்றாள் ஜெபக்கனி. லட்சக்கணக்கான ஏக்கரில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. அதன் ஐசோப்ரீன் வாகனப் புகையோடு சேர்ந்து, நுரையீரலைக் கெடுக்கும் ஓசோன் ஆகிறது. விடாத மரம் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஒரு புது வகையையே வளர்த்தெடுக்கலாம்.

"ஒரு சொட்டு விடுது ஜெபா. பதினொண்ணு விடுது. ஒரு நாள் இல்ல, பத்து நாளா. குற்றாலலிங்கம் சார் எடுத்த எண்."

"ஜீன் உடைஞ்சிருக்கே மேடம்."

"உடைஞ்ச ஜீன் பதினொண்ணு விடாது. அப்ப உடைஞ்சதுன்னு நீ படிச்சதுதான் தப்பு. யாருடைய அளவு தப்பா இருக்கும்னு நெனைக்கிற, சாருடையதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த வயதில் என் எண் ஒரு வாதத்தை முடித்து வைக்கிறது.

ஜெபக்கனி மூன்றாம் முறையாக மரபணுவைப் படிக்கப் போகிறாள். ஆய்வேட்டை ஜூன் பத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆறாண்டுக் கெடு அன்றோடு முடிகிறது.

மே 9, வியாழன்

நூலகத்தில் ஐசோப்ரீன் பற்றிய பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்று. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி படித்தேன். எழுத விருப்பமில்லை.

கத்தரிக்காய் வாங்கினேன். முற்றல்.

மே 10, வெள்ளி

முழங்கால் வலி. போகவில்லை.

மே 11, சனி

முழங்கால் வலி. வெயில் பளிச்சென்று இருக்கிறது. அளவெடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

மே 13, திங்கள்

போகவில்லை. அலமாரியில் புத்தகங்களை உயர வாரியாக அடுக்கினேன். பிறகு பொருள் வாரியாக மாற்றினேன்.

மே 14, செவ்வாய்

நாட்குறிப்பில் பொய் எழுதுவது எனக்கு வழக்கமில்லை. முழங்காலில் வலி எதுவும் இல்லை.

அந்த வரி இது: மனிதர் வெளிவிடும் மூச்சிலும் ஐசோப்ரீன் உண்டு. நம் உடலே அதை உண்டாக்குகிறது.

நான் ஒவ்வொரு பையையும் ஊதித் திறக்கிறேன். இரண்டாயிரம் விடும் மரத்தில் ஒரு வாய் மூச்சு கணக்கில் வராது. ஒன்றுமே விடாத மரத்தில் அதுதான் முழுக் கணக்கு. வெற்றுப் பைக்குள் இலை நுழைக்க வேண்டியதில்லை. அதை நான் ஊதுவதில்லை. அதனால் அது எப்போதும் சுழி.

பதினேழாம் மரத்தின் பதினொன்று நான்தான் போலிருக்கிறது.

போலிருக்கிறது என்றுதான் எழுதுகிறேன். சரிபார்க்கவில்லை. நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். நாளை சொல்லலாம்.

மே 15, புதன்

நாளை என்று எழுதிய நாள் வந்தது. நான் கிளம்புமுன் ஜெபக்கனியே தொலைபேசினாள்.

"சார், கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"பதினேழ நீக்கிரலாம்னு மேடம் சொல்லிட்டாங்க சார். மூணாந் தடவையும் உடைஞ்சதுன்னுதான் வருது. ஆனா காத்து ஒத்துப்போகலியே. குழப்பமான மரத்த வச்சு வைவால மாட்டிக்க வேண்டாம், இருபத்துமூணு மரம் போதும்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"சரிம்மா," என்றேன்.

"நீங்க கஷ்டப்பட்டு எடுத்தீங்க சார். உங்க எண்ணுல சந்தேகமே இல்ல. எனக்குத்தான் எங்கயோ கை தப்பிருக்கு."

மறுபடியும் சரிம்மா என்றேன். வேறு வார்த்தை கிடைக்காமல் போனது என்று எழுதலாம். கிடைத்தது. சொல்லவில்லை.

மே 17, வெள்ளி

சுடலையாண்டி வீட்டுக்கு வந்தான். கால் வலிக்குத் தைலம் கொண்டுவந்திருந்தான்.

"தோட்டத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல சார்வாள். என்னைய ஹாஸ்டல் பக்கம் போட்டுட்டாவ. அங்கன சாக்கடை அடச்சிக் கெடக்கு."

"ஏன்?"

"நோட்டுல நீங்க செவப்பு மையில எழுதுனத மேடம் பாத்திருக்காவ. கவனமில்லாதவன் ஆராய்ச்சிக்குப் பக்கத்துல இருக்கப்படாதுன்னுட்டாவ. தப்பில்ல. எனக்கும் வயசாவுதுல்லா, கைக்கட்டு தளந்திருக்கும்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தன் கையைச் சந்தேகப்படுகிறான்.

"சுடலை, அந்த ரெண்டு நாளும் பையை எப்படித் திறந்த?"

"எப்படின்னா? ஒதறுனேன்."

"ஊதலையா?"

"எங்க ஊத? வாயில வெத்தல இருக்கு. ஊதுனா பை செவப்பாயிரும், பொறவு நீங்க என்னையும் மரத்தையும் சேத்து வைவீய." சிரித்தான். "நாலு ஒதறு ஒதறுனா தன்னால தொறந்துரும் சார்வாள். ஊதத் தேவையே கெடையாது."

அவன் போன பிறகு தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் முழங்காலிலேயே தேய்த்தேன்.

மே 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் ஏழு வரிகளாக எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் வரியில் ஜெபக்கனி புரிந்துகொண்டாள். நான் ஏழையும் படித்து முடித்தேன்.

தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு கேட்டாள்: "எப்போ தெரிஞ்சது சார்?"

"ஒன்பதாம் தேதி."

"பத்து நாளாவா?"

"பதினொன்று."

"சார்!" இப்படி ஒரு குரலில் யாரும் என்னை அழைத்ததில்லை. "அன்னைக்கு போன்ல நான் அழுதுட்டே பேசினேன். உங்களுக்குக் கேக்கலையா? எனக்கே என் கை மேல நம்பிக்கை போச்சு. நீங்க சரிம்மா சரிம்மான்னுட்டு..."

அவள் அழுதது எனக்குக் கேட்டிருந்தது. பதினைந்தாம் தேதிக் குறிப்பில் அதை எழுதவில்லை; இப்போது எழுதுகிறேன்.

எழுந்து போய் ஒரு புதுப் பையை எடுத்துவந்து என் முன் வைத்தாள். "ஊதுங்க சார்."

பை நிறைய ஊதினேன். கருவியில் கொடுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. எண் வந்தது: 140. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத்தான் விடுதீங்க சார்."

வடிவு அம்மையாரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணு நாள் முழு வெயில்ல, மூணு நாளும் சுழின்னா பதினேழு உள்ள வரும். இல்லைன்னா இல்ல," என்றார்.

பிறகு விடுதிப் பக்கம் போனேன். சுடலையாண்டி சாக்கடையிலிருந்து மண் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் எண் சரி, என் எண் தவறு, சிவப்பு மையில் எழுதியதும் தவறு என்று சொன்னேன். மாணவிகள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அதுக்கா சார்வாள் இந்த வெயில்ல இம்புட்டு தூரம் வந்திய? போன் போட்டிருக்கலாம்லா," என்றார். மண்வெட்டியைக் கழுவினார். மறுபடி கழுவினார்.

மே 22, புதன்

மேகம். சாரல் முன்கூட்டியே வந்துவிட்டது. ஒளி குறைந்தால் எல்லா மரமும் குறைத்துவிடும். அந்தச் சுழிக்கு மதிப்பில்லை. நான் வீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நாட்களில் வெயில் கொட்டிக் கிடந்தது.

மே 25, சனி

மேகம்.

மே 28, செவ்வாய்

மேகம். பதினொரு மணிக்கு வெயில் வந்தது. பதினொன்றே காலுக்குப் போய்விட்டது. ஜெபக்கனி வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பதினேழு இல்லாத ஆய்வேடு ஒன்று, இருக்கும் ஆய்வேடு ஒன்று என்று இரண்டையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.

ஜூன் 1, சனி

மூன்று நாள். முழு வெயில்.

வியாழனும் வெள்ளியும், தோட்டத்துக்குத் திரும்பிவந்த சுடலையாண்டி பை கட்டினார். உதறித் திறந்தார். நான் பத்தடி தள்ளி, காற்று மரத்திலிருந்து என் பக்கம் வீசும் இடத்தில், துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு நின்று நேரம் மட்டும் பார்த்தேன். "சார்வாள், மூச்சு விடலாம், இங்க எட்டாது," என்று ஏணியிலிருந்து கத்தினார்.

இன்று மூன்றாம் நாள் ஜெபக்கனி பையை என்னிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா, அவரே கட்டட்டும்."

"வேற கை கட்டினாலும் அதே எண் வரணும் சார். அப்பத்தான் அது மரத்தோட எண்."

பையை வாங்கினேன். உதறினேன். திறக்கவில்லை. மறுபடி உதறினேன். "நாலாவது ஒதறுலதான் சார்வாள் தொறக்கும்," என்றார் சுடலையாண்டி. நாலாவதில் திறந்தது.

மாலை நான்கு மணிக்கு எண்கள். பதினாறு: 2,415. பதினேழு மூன்று நாளும்: 0, 0, 0.

மூன்று சுழிகளையும் நீல மையில் எழுதினேன். இவ்வளவு வட்டமான சுழியை நான் எழுதியதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

ஞாயிறு என்றாலும் போய்ப் பார்த்தேன். பதினேழாம் மரம் நேற்றைப்போலவே நின்றது. ஜெபக்கனியின் வாதம் எனக்கு இப்போது முழுதும் விளங்குகிறது. தென்னையும் பனையும் ஈச்சையும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே, ஏதோ ஒரு முன்னோர் மரத்தில், வேறு ஏதோ வாசனைப் பொருளைச் செய்துகொண்டிருந்த நொதியில் சில இடங்கள் மாறின. அது ஐசோப்ரீனைச் செய்யத் தொடங்கியது. பல கோடி ஆண்டு வழிவழியாகக் கைமாறி வந்த அந்தப் பழக்கம், எங்கள் கல்லூரித் தோட்டத்தில், நான் நட்ட ஒரு கன்றில் நின்றிருக்கிறது.

இலை விளிம்புகள் பதினாறைவிடச் சற்று அதிகமாகக் கருகியிருக்கின்றன. காரணம் இதுதானா என்று தெரியாது. அதையும் குறித்து வைத்தேன். பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் பதினேழைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜூன் 10, திங்கள்

ஆய்வேடு கொடுத்தாயிற்று. இருபத்துநான்கு மரங்கள்.

டிசம்பர் 5, வியாழன்

ஜெபக்கனியின் வாய்மொழித் தேர்வு. அரங்கில் அறுபது பேர் இருக்கும். நான் கடைசிக்கு முந்தைய வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புறத்தேர்வாளர் கோவையிலிருந்து வந்திருந்தார். மெல்லிய மனிதர், கேள்விகள் மெல்லியவை அல்ல.

ஜெபக்கனி நன்றாகப் பேசினாள். படத்தில் பதினேழின் எழுத்துவரிசையைக் காட்டியபோது அரங்கம் நிமிர்ந்தது. அப்போது தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"ஏப்ரல்ல இதே மரத்துக்குப் பதினொண்ணு வந்திருக்கு. மே கடைசியில சுழி. நடுவுல என்ன ஆச்சு?"

"மாதிரி எடுத்ததுல ஒரு கையாளல் பிழை சார். திருத்திட்டோம்."

"என்ன பிழை? யாருடையது?"

"எடுத்த குழுவோடது சார்." அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து வந்திருக்கிறாள்.

"ஜீன் உடைஞ்சிருக்குன்னு மே மூணாம் தேதி தெரியுது. அதுக்குப் பிறகு எடுத்தா சுழி வருது. வேணும்னு தேடினா சுழி கிடைக்கும் அம்மா. நான் எப்படி நம்புறது?"

ஜெபக்கனி மறுபடி எழுத்துவரிசைப் படத்துக்கே போனாள். வடிவு அம்மையார் தன் காகிதங்களில் எதையோ தேடினார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, அந்தப் பதினொன்று என் மூச்சு."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள். பையை ஊதித் திறந்ததைச் சொன்னேன். பதினொரு நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் கணக்கு முழுமையாகாது. "ஏப்ரல் இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் நான் இல்லை. தோட்டக்காரர் சுடலையாண்டி எடுத்தார். ஊதாமல் எடுத்தார். அந்த இரண்டு நாளும் சுழி. அப்போது ஜீனைப் பற்றி எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. சரியான அந்த எண்களை அடித்தவன் நான்."

தேர்வாளர் குறிப்பேட்டைக் கேட்டார். மடியில் வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரங்கின் நீளம் அவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் இரண்டு சுழிகளும் தெளிவாகத் தெரிந்தன. அவர் நாளைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், எடுத்தவர் பத்தியைப் பார்த்தார். என் 'கவனக்குறைவு, தள்ளுக'வை இரண்டு முறை படித்தார்.

"தேடாதபோதே கிடைச்ச சுழி இது," என்றார். "இதை ஏன் அம்மா ஆய்வேட்டுல போடல? இதுதானே உங்க முதல் சாட்சி?"

"அது... அடிச்ச எண் சார். அதான்."

"திருத்தப் பிரதியில போடுங்க. எடுத்தவர் பேரோட."

இன்னும் ஐந்து கேள்விகள் கேட்டார். ஐந்துக்கும் ஜெபக்கனி நிமிர்ந்து பதில் சொன்னாள். பன்னிரண்டு இருபதுக்கு அவளை டாக்டர் என்று அழைத்தார்கள். வடிவு அம்மையார் கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் ஜெபக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சொல்லாம விட்டிருந்தேனே சார், நீங்க ஏன் எந்திரிச்சீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பெருமைப்படலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்; யோசிக்கும்போதே பட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

என் குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கியது. ஆனால் சுடலையாண்டி உள்ளே வரத் தயங்கி வராந்தாவில் ஜன்னலோரம் நின்றிருக்கிறார்.

"எம்பேரு வெளிய வரைக்கும் கேட்டுச்சு சார்வாள்," என்றார்.